நேரலைக் கூட்டமும் கணினி விளையாட்டின் வெற்றியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., புள்ளியியல்)

முன்னுரை

எங்கள் ஊரில் செவ்வாய்க்கிழமைதோறும் சந்தை கூடும். நான் சிறுவனாக இருந்தபோது, சந்தையின் நுழைவாயிலில் சில நாள்களில் கழைக்கூத்தாடிகள் கயிறு கட்டி வித்தை காட்டுவார்கள். சந்தையிலேயே பெருங்கூட்டம் அங்கேதான் நிற்கும். என் தந்தையாரோ சந்தையின் கடைக்கோடியில் சாக்கு விரித்து வெங்காயம் விற்பார். அவர் முன்னால் ஒரு நேரத்தில் நான்கைந்து பேருக்கு மேல் நின்று நான் பார்த்ததில்லை. ஆயினும், மாலையில் வீடு திரும்பும்போது அவருடைய சாக்குகள் காலியாக இருக்கும். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன் நான். அந்தக் காலிச் சாக்குகள்தாம் என்னை இங்கே அனுப்பின.

சந்தையில் கற்ற இந்தப் பாடத்தைக் கல்லூரிக்கு வந்ததும் மறந்தேன். சென்ற ஆண்டு விடுதி நண்பர்கள் இருவருடன் சேர்ந்து, பல்லாங்குழியைச் செல்போனில் ஆடும் விளையாட்டாக உருவாக்கினேன். ஆறு மாத உழைப்பு அது. அதை ஊரறியச் செய்ய விரும்பி, நேரலையில் விளையாட்டுகளை ஆடிக் காட்டும் ஒருவருக்கு, ஆளுக்கு ஆயிரமாக மூவாயிரம் ரூபாய் கொடுத்தோம். என் பங்கு, கல்வி உதவித்தொகையிலிருந்து எடுத்தது. அவரும் சொன்னபடி இருபது நிமிடம் ஆடிக் காட்டினார். திரையின் மூலையில் பார்ப்போரின் எண்ணிக்கை 600-ஐத் தாண்டியது. நாங்கள் மூவரும் கட்டிலின்மேல் ஏறிக் குதித்தோம். மறுநாள் கணக்குப் பார்த்தபோது, எங்கள் விளையாட்டைச் செல்போனில் இறக்கிக்கொண்டவர்கள் பதினொருவர். அந்தப் பதினொருவரில் மூவர் நாங்களே!

கோடிக்கணக்கான டாலர் புரளும் பெரிய விளையாட்டுகளுக்கும் இக்கேள்வி உண்டு. நேரலையில் ஒரு விளையாட்டைப் பலர் பார்த்தால் அவ்விளையாட்டு வெற்றி பெற்றது என்று கொள்ளலாமா? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நேரலை என்பது யாது?

ஒருவர் கணினி விளையாட்டை ஆடும்போதே, அவருடைய திரையையும் முகத்தையும் பேச்சையும் இணையத்தின் வழியாகப் பிறர் காணச் செய்வதே நேரலையாகும். பார்ப்பவர்கள் எழுத்தில் கருத்துரைப்பார்கள். ஆடுபவர் அதைப் படித்துப் பதில் சொல்லிக்கொண்டே ஆடுவார். இதற்கென்றே 2011-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் 'ட்விட்ச்' என்னும் தளம் தொடங்கப்பெற்றது. மூன்றே ஆண்டுகளில், 2014-இல், அமேசான் நிறுவனம் அதனை ஏறத்தாழ 97 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. பிறர் ஆடுவதைப் பார்ப்பதற்கு இத்தனை மதிப்பா என்று அப்போது பலரும் வியந்தனர். ஆனால், கபடிப் போட்டியைச் சுற்றி நிற்போர் எல்லாரும் கபடி ஆடுபவரா? பார்ப்பதும் ஒரு தனி இன்பமே என்பதை நாம் முன்பே அறிவோம்.

எண்கள் பலவகை

'இத்தனை பேர் பார்த்தார்கள்' என்று செய்தி வரும்போது, அது எந்த எண் என்று முதலில் கேட்கவேண்டும். இங்கே மூன்று எண்கள் வழக்கில் உள்ளன.

முதலாவது, உச்ச எண்ணிக்கை. ஏதேனும் ஒரு நொடியில் ஒருசேரப் பார்த்தவர்களின் மிகப் பெரிய எண் இது. இரண்டாவது, சராசரி. நேரலை நடந்த நேரம் முழுவதும், எந்த ஒரு நிமிடத்தை எடுத்தாலும் சராசரியாக எத்தனை பேர் இருந்தனர் என்பது இது. மூன்றாவது, பார்வை நேரம். பார்த்த ஒவ்வொருவரின் நேரத்தையும் கூட்டி வருவது இது.

இவை ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடும் என்பதற்கு ஒரு சான்று காண்போம். 2019 நவம்பரில் பாரிஸ் நகரில் 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' விளையாட்டின் உலகப்போட்டி இறுதியாட்டம் நடைபெற்றது. அதன் உச்ச எண்ணிக்கை 4 கோடியே 40 லட்சம் என்றும், நிமிடச் சராசரி 2 கோடியே 18 லட்சம் என்றும் அதனை நடத்திய ரயட் கேம்ஸ் நிறுவனமே அறிவித்தது. ஒரே ஆட்டம், ஒரே நாள். ஓர் எண் மற்றதைப்போல் இருமடங்கு. இரண்டுமே பொய்யன்று. எதைத் தலைப்பில் போடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம் உள்ளது.

பார்வை நேரமும் இத்தகையதே. ஆயிரம் பேர் ஆளுக்கு ஆறு நிமிடம் எட்டிப் பார்த்துச் சென்றாலும் 100 மணி நேரம்தான். பத்துப் பேர் ஆளுக்குப் பத்து மணி நேரம் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாலும் 100 மணி நேரம்தான். முன்னது வழிப்போக்கர் கூட்டம். பின்னது அடியார் கூட்டம். கூட்டுத்தொகை இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது. இவையன்றி, எந்திரங்களைக் கொண்டு பொய்ப் பார்வையாளரை உண்டாக்கி விற்போரும் உளர். அத்தகையோர்மீது ட்விட்ச் நிறுவனம் 2016-இலேயே வழக்குத் தொடுத்தது.

கூட்டம் வெற்றியைத் தந்த கதை

நேரலைக் கூட்டத்தால் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 'அமங் அஸ்' என்னும் விளையாட்டு இதற்குச் சிறந்த சான்றாகும். இன்னர்ஸ்லாத் என்னும் சிறு குழுவினர், மூன்றே பேர், இதனை 2018-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியிட்டனர். விண்கலத்தில் வேலை செய்யும் குழுவினருள் யார் வஞ்சகர் என்பதைப் பேசிப் பேசிக் கண்டுபிடிப்பதே ஆட்டம். வெளிவந்த காலத்தில் ஒரே நேரத்தில் ஆடியோர் சில பத்துப் பேர்தாம். குழுவினர் மனந்தளராமல் திருத்தங்களைச் செய்துகொண்டே இருந்தனர்.

இரண்டாண்டுகள் கழிந்தன. கொரோனா தொற்றினால் உலகம் வீட்டுக்குள் அடைபட்டிருந்த 2020-ஆம் ஆண்டின் நடுவில், புகழ்பெற்ற நேரலையாளர் சிலர் இதனை ஆடிக் காட்டினர். அவ்வாண்டு செப்டம்பரில், ஸ்டீம் என்னும் விற்பனைத் தளத்தில் மட்டும் ஒரே நேரத்தில் 4 லட்சத்திற்கும் மேற்பட்டோர் இதனை ஆடினர். இதன் இரண்டாம் பாகத்தை வெளியிடப்போவதாக ஆகஸ்டில் அறிவித்திருந்த குழுவினர், செப்டம்பரில் அந்த எண்ணத்தைக் கைவிட்டு, முதல் விளையாட்டையே செம்மைப்படுத்த முனைந்தனர். அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ், வாக்களிக்குமாறு இளைஞரைத் தூண்டும்பொருட்டு இதே விளையாட்டை நேரலையில் ஆடியபோது, 4 லட்சத்திற்கும் மேற்பட்டோர் ஒருசேரப் பார்த்தனர்.

இங்கே பார்த்தவர்கள் ஆட வந்தது ஏன்? இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு சுற்றும் புதிது. பார்த்துவிட்டதால் தீர்ந்துபோவதன்று. விலையும் குறைவு, செல்போனில் இலவசம். 'நானாக இருந்தால் அவனை நம்பியிருக்கமாட்டேன்' என்று பார்ப்பவர் மனம் துடிக்கும். அந்தத் துடிப்பே அவரை ஆட்டத்திற்குள் இழுத்தது. ஆகவே, இங்கே நேரலை வெற்றியின் காரணமாயிற்று. ஆனால், காரணம் வேறு, அளவுகோல் வேறு. மழை விளைச்சலுக்குக் காரணம். அதற்காக மழைமானியைக் கொண்டு நெல்லை அளப்பார் உண்டோ?

கூட்டம் யாருடையது?

2018 மார்ச் 14 அன்று 'நிஞ்சா' என்னும் புகழ்பெற்ற நேரலையாளர், 'டிரேக்' என்னும் பாடகருடன் சேர்ந்து 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை ஆடினார். 6 லட்சத்திற்கும் மேற்பட்டோர் ஒருசேரப் பார்த்தனர். முந்திய வாரமும் நிஞ்சா அதே விளையாட்டைத்தான் ஆடினார். விளையாட்டு மாறவில்லை, பக்கத்தில் இருந்தவர் மாறினார். அன்று மிகுதியாக வந்தவர்கள் பாடகரைக் காண வந்தவர்களே. எங்கள் பல்லாங்குழியைப் பார்த்த அறுநூற்றுவரும் அப்படியே. அவர்கள் அந்த நேரலையாளரின் நகைச்சுவையைக் கேட்க நாள்தோறும் வருபவர்கள். அன்று அவர் பல்லாங்குழிக்குப் பதில் புளியங்கொட்டையை எண்ணிக்கொண்டிருந்தாலும் பார்த்திருப்பார்கள்.

கூட்டத்தை விலைக்கு வாங்குதலும் உண்டு. 2019 பிப்ரவரி 4 அன்று 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' விளையாட்டு முன்னறிவிப்பின்றி வெளியானது. அன்றே பல நேரலையாளர்கள் அதனை ஆடினர். அவருள் நிஞ்சாவுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டாலர் கொடுக்கப்பட்டதாக ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அடுத்த மாதம் எழுதியது. ஒரே வாரத்தில் 2 கோடியே 50 லட்சம் பேர் ஆடினர் என்பதும் உண்மை. எனினும், முதல் நாள் கூட்டத்தில் விளையாட்டின் சிறப்பு எவ்வளவு, பணம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்த எண் ஒன்றினால் இயலாது.

பரிசுக்காகக் கூடும் கூட்டம் இன்னும் விந்தையானது. 'வாலரன்ட்' விளையாட்டு 2020 ஏப்ரல் 7 அன்று வெள்ளோட்டமாக விடப்பட்டது. அதனை ஆட அனுமதி வேண்டுமானால், ட்விட்சில் அதன் நேரலையைப் பார்க்கவேண்டும். பார்ப்பவர்களுள் சிலருக்கு அனுமதி கிட்டும் என்றது நிறுவனம். விளைவு, உச்சத்தில் 17 லட்சம் பேர். ஒரே நாளில் 3 கோடியே 40 லட்சம் மணி நேரப் பார்வை. இரவில் கணினியில் நேரலையை ஓடவிட்டு உறங்கியவர்களும் அக்கணக்கில் அடங்குவர். அதாவது, பொதுமக்கள் விலைக்கோ இலவசமாகவோ பெறக்கூடிய விளையாட்டாக அது வருமுன்னரே 'சாதனை' படைத்துவிட்டது! பின்னர் ஜூன் மாதத்தில் முறையாக வெளிவந்து நிலைபெற்றது என்பதும் மெய்யே. ஆனால், நியாயவிலைக் கடை வரிசையின் நீளத்தைக் கொண்டு அரிசியின் சுவையைச் சொல்ல முடியாதன்றோ!

ஆடுவோர் இல்லாத கூட்டம்

'ஆர்ட்டிஃபாக்ட்' என்னும் சீட்டு விளையாட்டின் கதை இதனினும் வேடிக்கையானது. வால்வ் என்னும் பெருநிறுவனம் 2018 நவம்பரில் இதனை 20 டாலர் விலையில் வெளியிட்டது. முதல் நாளில் ஏறத்தாழ 60,000 பேர் ஒருசேர ஆடினர். சில மாதங்களில் அந்த எண் சில நூறாகச் சுருங்கியது. நேரலையிலும் அதனைக் காட்டுவார் இல்லை.

2019 மே மாத இறுதியில் திடீரென ட்விட்சில் ஆர்ட்டிஃபாக்டின் பகுதியில் கூட்டம் பெருகியது. விளையாட்டு உயிர்த்தெழுந்ததோ என்று எட்டிப் பார்த்தால், அங்கே விளையாட்டே இல்லை. கேட்பாரற்றுக் கிடந்த அந்தப் பகுதியில் குறும்பர் சிலர் புகுந்து, திருட்டுத் திரைப்படங்களையும் ஆபாசக் காட்சிகளையும், வன்முறைக் காட்சிகளையும் ஓட்டிக்கொண்டிருந்தனர். அதனைத் தடுக்கப் புதிய கணக்குகள் நேரலை செய்வதையே ட்விட்ச் சிறிதுகாலம் நிறுத்தி வைத்தது. அடுத்த மாதம் வழக்கும் தொடுத்தது. பட்டியலை மட்டும் பார்த்தவனுக்கு ஆர்ட்டிஃபாக்ட் வளர்கிறது. உள்ளே சென்று பார்த்தவனுக்கோ அது பாழ்வீடு. 2021 மார்ச்சில் வால்வ் அதன் பணிகளை நிறுத்தி, விளையாட்டை இலவசமாக்கிவிட்டது.

பார்த்ததே போதும் என்றபோது

இக்கட்டுரைக்காகச் செய்தி திரட்டியபோது என் நெஞ்சைத் தொட்டது ஒன்று உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த ரயன் கிரீன், ஏமி கிரீன் தம்பதியரின் மகன் ஜோயல், குழந்தைப் பருவத்திலேயே புற்றுநோய்க்கு ஆளாகி, 2014 மார்ச்சில் ஐந்து வயதில் இறந்தான். அக்குழந்தையோடு வாழ்ந்த நாள்களையே அவர்கள் நண்பர்களுடன் சேர்ந்து 'தட் டிராகன், கேன்சர்' என்னும் விளையாட்டாக்கி 2016 ஜனவரியில் வெளியிட்டனர். சுமார் இரண்டு மணி நேரத்தில் ஆடி முடிக்கலாம்.

அதை முழுவதும் ஆடிக்காட்டிய காட்சிகளை இணையத்தில் லட்சக்கணக்கானோர் பார்த்தனர், கண்ணீர் விட்டனர். ஆனால், வாங்கியவர் மிகச் சிலர். விற்பனையிலிருந்து அதுவரை ஒரு டாலர்கூடத் தங்களுக்கு வந்து சேரவில்லை என்று ரயன் கிரீன் அவ்வாண்டு மார்ச்சில் எழுதினார். அவர் யாரையும் ஏசவில்லை. பார்த்து மனம் நெகிழ்ந்தவர்களுள் ஒரு பகுதியினர் ஆளுக்கு ஒரு டாலர் தந்திருந்தாலும் தம்மால் தொடர்ந்து இயங்க முடிந்திருக்கும் என்றே வருந்தினார்.

அமங் அஸ் விளையாட்டுக்கு உயிர் தந்த அதே கூட்டம் இங்கே ஏன் பயன்படவில்லை? இது ஒருமுறையே சொல்லப்படும் கதை. பார்த்தவருக்குக் கதை முடிந்துவிடுகிறது. மீண்டும் ஆட ஒன்றுமில்லை. பார்வையாளர் எண்ணிக்கை உயர உயர, வாங்கக்கூடியவர் எண்ணிக்கை குறைந்தும் போகலாம் என்பதை இது காட்டுகிறது. இவ்விளையாட்டோ 2017-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதைப் புதுமைக்காகப் பெற்றது. பணத்தால் அளந்தால் தோல்வி. பெற்றோர் இருவர் தம் மகனை உலகுக்கு அறிமுகம் செய்ததைக் கொண்டு அளந்தால் வெற்றி. எந்தக் கோலைக் கொண்டு அளப்பது என்பதை எண் ஒருபோதும் சொல்வதில்லை.

கூட்டமில்லா வெற்றி

மறுபக்கமும் காண்போம். எரிக் பரோன் என்னும் இளைஞர், ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் தன்னந்தனியாக உழைத்து, 2016 பிப்ரவரியில் 'ஸ்டார்டியூ வேலி' என்னும் உழவு விளையாட்டை வெளியிட்டார். படம், இசை, கதை, நிரல் அனைத்தும் அவருடையவே. விதைத்தல், நீர் பாய்ச்சல், அறுத்தல், அண்டை வீட்டாரோடு பழகுதல் ஆகியவையே ஆட்டம். நேரலைப் பட்டியலின் முதல் வரிசையில் இதனைக் காண்பது அரிது. செடிக்கு நீர் ஊற்றுவதை எத்தனை நேரம் பார்ப்பது? ஆயினும் 2024 டிசம்பருக்குள் 4 கோடியே 10 லட்சம் பிரதிகள் விற்றன.

2012-இல் வந்த 'கேண்டி க்ரஷ் சாகா'வைப் பேருந்தில் நம் அருகில் இருப்பவர் ஆடுவதைக் கண்டிருப்போம். அதனை நேரலையில் பார்க்க யார் உட்காருவார்? ஆனால், 2023-க்குள் அது ஈட்டிய மொத்த வருவாய் 2,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. இவை இரண்டும் என் தந்தையாரின் வெங்காயக் கடையைப் போன்றவை. நின்று வேடிக்கை பார்க்க அங்கே ஒன்றுமில்லை. வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதற்கே எல்லாரும் வருகிறார்கள்.

அங்ஙனமாயின் எதை எண்ணுவது?

மேற்கண்டவற்றால் பெறப்படும் உண்மை யாதெனில், பார்வையாளர் எண்ணிக்கைக்கும் வெற்றிக்கும் உறவு உண்டு. ஆனால், அந்த உறவு விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். சில வேளைகளில் பார்வை ஆட்டத்தை வளர்க்கும். சில வேளைகளில் ஆட்டத்தின் புகழ் பார்வையை வளர்க்கும். சில வேளைகளில் பணமோ, பரிசோ, ஒரு மனிதரின் கவர்ச்சியோ இரண்டையும் ஒருசேர வளர்க்கும். இரண்டு எண்கள் சேர்ந்து உயர்வதால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகாது என்று எங்கள் துறையில் முதலாண்டிலேயே கற்பிக்கிறார்கள். தேர்வில் அதனைச் சரியாக எழுதி மதிப்பெண் பெற்ற நான், மூவாயிரம் ரூபாய் போன பிறகே அதன் பொருளை உணர்ந்தேன்.

ஆகவே, முதலில் அந்த விளையாட்டு எதற்காகச் செய்யப்பட்டது என்று கேட்கவேண்டும். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் போன்ற போட்டி விளையாட்டுகளுக்கு விளம்பரதாரர் பணம் தருவது பார்வையாளரை நம்பியே. அங்கே பார்வையும் ஒரு விளைபொருள். அதனை எண்ணுவது முறையே. விலைக்கு விற்கும் விளையாட்டுக்கு விற்ற பிரதிகளையும், திருப்பித் தரப்பட்ட பிரதிகளையும் எண்ணவேண்டும். இலவச விளையாட்டுக்கு, இன்று வந்தவர்களுள் ஒரு வாரம், ஒரு மாதம் கழித்தும் திரும்பி வருவோர் எத்தனை பேர் என்று பார்க்கவேண்டும். செய்தவர்களுக்குப் போட்ட முதல் திரும்பியதா என்பதையும் மறக்கலாகாது. ஒரு லட்சம் பிரதிகள் விற்பது மூவர் குழுவுக்குத் திருவிழா, முந்நூறு பேர் குழுவுக்கு இழவு.

முடிவுரை

விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, உதவித்தொகையில் ஆயிரம் ரூபாய் செலவான கதையைத் தயங்கித் தயங்கி அப்பாவிடம் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெங்காயத்தைத் தரம் பிரித்துக்கொண்டே, "அறுநூறு பேரு நின்னாங்கங்கிற, சரிப்பா. எத்தனை பேரு சரக்கு வாங்குனாங்க?" என்று மட்டும் கேட்டார். "எங்களைத் தவிர எட்டுப் பேருங்கப்பா" என்றேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அந்த எட்டுப் பேருல எத்தனை பேரு மறுக்கா வந்தாங்க?" என்றார். பள்ளிப் படிப்பை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர், நான் கேட்கத் தவறிய இரண்டாம் கேள்வியைக் கேட்டுவிட்டார்.

விடுதிக்குத் திரும்பியதும் கணக்கைப் பார்த்தேன். எட்டில் ஐவர் மறுநாளே நீக்கியிருந்தனர். மீதி மூவர் நாள்தோறும் ஆடிக்கொண்டிருந்தனர். ஆட்டம் மெதுவாகத் தொடங்குவதாக அம்மூவருள் ஒருவர் எழுதியிருந்த குறையைத் திருத்திக்கொண்டிருக்கிறோம். இம்முறை யாருக்கும் பணம் கொடுப்பதாக இல்லை.

என் பின்னே வரும் முதலாண்டுத் தம்பி தங்கையர்க்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். திரையின் மூலையில் ஓர் எண் மின்னும்போது அது பெரிதா சிறிதா என்று பார்க்குமுன், அங்கே யார், எதற்காக நிற்கிறார்கள் என்று கேளுங்கள். அதன்பின், மறுநாள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று கேளுங்கள்.